சோறு வருவதற்கு முன்னால்

என் வீட்டுக்காரர் தனசீலன் எதையும் முறைப்படி செய்கிறவர். முறை என்று ஒன்று இல்லாத இடத்திலும் தானாக ஒன்றை உண்டாக்கி அதன்படிதான் செய்வார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலையில் சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கேட்டில் நிற்க வேண்டும். சட்டையைக் கழற்றும்போது இடது கையைத்தான் முதலில் உருவ வேண்டும். தாராவியில் நாங்கள் இருந்த கோலி, அதாவது எங்கள் ஒற்றை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளும் குடை வைக்க ஓரிடம், தொப்பி வைக்க ஓரிடம். மாற்றி வைத்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதரோடு குப்பை கொட்டியவள் நான்.

ஊர்க்காரர்களுக்கு மட்டும் அவருடைய முறை வேண்டியிருந்தது. எங்கள் சந்தில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு என்றாலும் 'தனசீலனைக் கூட்டிக்கிட்டுப் போவோம்' என்பார்கள். பேச்சு முடிகிற வரைக்கும் அடுத்த தரப்பு வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், முறுக்கு கடிக்கலாம், பழம் உரிக்கலாம். சோறு மட்டும் கூடாது. சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்குப் பிறகு பின்வாங்கவே முடியாது. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனால் மற்றவர்களுக்கு அது வழக்கம், இவருக்கு அது சட்டம்.

பக்கத்து வரிசை வெயிலுமுத்து அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கக் கோலிவாடா போனார். அன்றைக்கு இவர் கூடப் போகவில்லை. அண்ணன் பசி தாங்காமல் அங்கே நாலு வாய் சோறு தின்றுவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, பெண்ணுக்குப் பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கிறது, வேண்டாம் என்று இழுத்தார். இரண்டு தரப்பும் எங்கள் வாசலில் வந்து நின்றது. இவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"சோறு எறங்குச்சா இல்லியா?"

"நாலே நாலு வாய்தான் தனசீலா."

"நாலு வாயோ நாப்பது வாயோ, எறங்குனது எறங்குனதுதான். போயி நாள் குறிக்கச் சொல்லும்."

கல்யாணம் நடந்தது. அந்த மருமகள் தங்கமான பெண் என்று வெயிலுமுத்து அண்ணனே பிறகு பத்துப் பேரிடம் சொன்னார். இவருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அப்படி ஊருக்கெல்லாம் ஞாயம் சொன்ன மனிதர், தன் பிள்ளைக்கு என்று வந்தபோது என்ன ஆனார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, லூர்து மேரி. அப்போது இருபது வயது. அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் தோழிகளோடு இந்தியில் கடகடவென்று பேசுவாளே தவிர எங்களிடம் கேட்டதற்குத்தான் பதில். பங்குக் கோயிலை ஒட்டி நடந்த தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பு நடத்திய சிஸ்டர் பாண்டிச்சேரிக்காரர். 1963 மே மாதம் அந்த சிஸ்டர்தான் சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் பெயர் சேசுராஜ். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். பையனுக்கு பிரான்ஸில் தபால் ஆபீஸ் வேலை. மூன்று மாத லீவில் வந்தவன், திரும்பிப் போகிற கப்பலுக்காகப் பம்பாயில் வந்து தங்கியிருந்தான். வழியனுப்ப அவன் அம்மா இருதயமேரியும் கூட வந்திருந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு சொந்தக்காரரோடு இருக்கிறார்கள் என்றார் சிஸ்டர். கோயிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். பையன் பார்க்கவும் லட்சணம், பேச்சிலும் மரியாதை. விசாரித்ததில் ஒரு குறையும் இல்லை.

சம்மதம் என்றால் கப்பலுக்கு முன்னாலேயே கோயிலில் தாலி கட்டிவிடலாம், பேப்பர் எல்லாம் தயாரானதும் ஆறு மாதத்தில் பெண் கப்பலேறி வரலாம் என்றார்கள். கப்பலுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

எனக்கு அப்போதே சம்மதம். இவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கேட்டால் 'பாப்போம்' என்பார். பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிக்கூட அட்லஸை வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து விரலால் அளந்தார். பம்பாயிலிருந்து ஊருக்கு இரண்டு விரல் அகலம். பிரான்ஸுக்குச் சாண் வைத்தும் போதவில்லை. அட்லஸை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் மட்டும் வடக்கன்குளத்துலருந்து இங்க வரலியா? எங்க அய்யா அம்மா என்ன செத்தா போனாங்க?" என்றேன்.

"நீ ரயில் காடி ஏறி வந்த. தண்டவாளம் கெடக்கு. ஒண்ணுமே முடியலன்னாலும் அது வழியே நடந்து ஊர் போயிரலாம். கடல்ல எப்பிடிளா நடக்க?" என்றார்.

ரயில்வேக்காரர் வேறு எப்படிப் பேசுவார். நானும் விடவில்லை, சண்டை போட்டேன், முகம் தூக்கினேன், அழுதும் பார்த்தேன்.

வருஷா வருஷம் மே மாதம் பாஸ் எழுதி வாங்கி ஊருக்குப் போவோம். அந்த வருஷமும் சுட்டி, அதாவது லீவு, கிடைத்திருந்தது. சம்பந்தம் வந்துவிட்டதால் பயணத்தை நிறுத்தினோம். ஆனால் எடுத்த சுட்டியைக் கோலிக்குள் படுத்துக் கழிப்பது முறையில்லையாம். பதினெட்டு வருஷம் பம்பாயில் இருந்தும் நான் பம்பாயைப் பார்த்ததில்லை என்று என்றைக்கோ சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் கிழமை போட்டு எழுதினார். திங்கள் ராணி பாக் மிருகக்காட்சிசாலை, செவ்வாய் தொங்கும் தோட்டம், புதன் கடலோரத்துக் கேட்வே. வெளியூர்க்காரர்கள் போல மூன்று பேரும் தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு அலைந்தோம். கேட்வேயில் தூரத்தில் நின்ற ஒரு கப்பலை லூர்து மேரி பார்த்தாள். இவர் அவள் பார்ப்பதைப் பார்த்தார். இவளுக்குப் போக ஆசையா, பயமா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்தான். கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அதற்குள் சிஸ்டர் மூலம் அழைப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று இருதயமேரி சொல்லி அனுப்பியிருந்தார். பொது இடம், யாருக்கும் சங்கடம் இல்லை என்று சிஸ்டர்தான் சேர்த்துச் சொன்னார். கோட்டைப் பக்கம், கப்பல்துறைக்குப் போகிற சந்தில் சின்ன பிரெஞ்சு ஓட்டல். பெயர்தான் பிரெஞ்சு ஓட்டல், விலை ஒன்றும் அதிகமில்லை, கப்பலில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடுகிற இடம் என்றார் சிஸ்டர்.

இவர் அழைப்பைப் பிடித்துக்கொண்டு குழம்ப ஆரம்பித்தார்.

"ஓட்டல் யாருக்கும் வீடு இல்ல. அதனால கை நனைச்சாலும் கணக்கு இல்ல. ஆனா கூப்பிட்டது அவங்க. அப்ப அது பாதி வீடு. பாதி வீட்டுல பாதி தின்னா என்ன அர்த்தம்?"

"நீங்க ஊருக்கு ஞாயம் சொல்லுதவரு. என்கிட்ட கேட்டா?" என்றேன்.

ராத்திரி படுக்கும்போதும் யோசனை, காலையில் பல் தேய்க்கும்போதும் யோசனை. கடைசியில் தீர்மானம் சொன்னார். பலகாரம் எது வந்தாலும் தின்னலாம். அதற்குத் தடையில்லை. சோறு வந்ததும் வயிறு சரியில்லை என்று கையை எடுத்துவிட வேண்டும். முன்னாலேயே பலகாரத்தால் வயிற்றை நிரப்பிக்கொண்டால் சோற்றை வேண்டாம் என்று சொல்வது சுலபம். அதனால் காலையில் யாரும் ஒன்றும் தின்னக் கூடாது. இதுதான் திட்டம். சம்பந்தம் பேசப் போகிற நாளில் வீட்டில் அடுப்பே பற்றவைக்காமல் கிளம்பியது நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

வி.டி. ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். நல்ல வெயில். ஓட்டலைக் கண்டுபிடிக்கவே இரண்டு தடவை அந்தச் சந்தைச் சுற்ற வேண்டியிருந்தது. உள்ளே ஆறு மேஜை. சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு. சுவரில் கரும்பலகை தொங்கியது, பள்ளிக்கூடத்தில் இருப்பது போல. அதில் சாக்பீஸால் என்னவோ எழுதியிருந்தது. லூர்து மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதிருக்குளா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். வார்த்தை ஒண்ணுகூட இங்கிலீஷ் இல்ல."

ஒரு மூலையில் இரண்டு வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள், இன்னொரு மூலையில் பேப்பர் படிக்கிற பார்சிக் கிழவர். சேசுராஜும் அவன் அம்மாவும் எழுந்து நின்று வரவேற்றார்கள். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. இவர் அதை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டார். சேசுராஜ் தன் துணியை மடியில் விரித்தான். இவர் தோளில் இருந்ததை எடுத்து மடியில் வைத்தார். கப்பல்காரர்கள் கழுத்தில் சொருகியிருந்ததைப் பார்த்து மறுபடி யோசித்தார். கடைசியில் அது மேஜைக்கடியில் விழுந்துவிட்டது, குனிந்து எடுக்க வெட்கப்பட்டு விட்டுவிட்டார்.

முதலில் ரொட்டி வந்தது. கை நீளம், விறகு மாதிரி. பிறகு வெங்காய சூப், மேலே உருகிய சீஸ் மிதந்தது. இவர் கரண்டியைத் தூக்கினால் சீஸ் நூலாக இழுத்துக்கொண்டு கூடவே வந்தது. கையை எவ்வளவு உயரம் தூக்கினாலும் அறுபடவில்லை. இடது கை விரலால் அறுத்து விட்டார். பசி வேறு. கிண்ணம் காலி.

"நல்லா இருக்கா அண்ணே?" என்றார் இருதயமேரி.

"குறை சொல்ல ஒண்ணும் இல்லம்மா. பலகாரம் நல்லாருக்கு" என்றார் இவர்.

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். மகன் சிரித்துக்கொண்டான்.

அடுத்தது மீன், வெள்ளையாக ஒரு குழம்புக்குள் கிடந்தது. மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, வாசனை மட்டும் நன்றாக இருந்தது. நான் மெதுவாக அவர் காதில், "மீன் வந்துட்டு, இதெல்லாம் பலகாரமா?" என்றேன். "சோத்துக்கு முந்தி மீனைத் தனியாத் தருதாங்க. அவங்க முறை அப்பிடி. சோறு பின்னால வரும், நீ திங்கதத் தின்னு" என்று முணுமுணுத்தார். முள் கரண்டி சரிப்படாமல் கையாலேயே முள்ளை எடுத்துத் தின்று தீர்த்தார். நானும் தின்றேன். சும்மா சொல்லக் கூடாது, ருசியாகத்தான் இருந்தது.

லூர்து மேரி தட்டில் இருந்ததை இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டிருந்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஓரமாக வைத்தாள். வாயில் ஒன்றும் போகவில்லை. சேசுராஜ் முள் கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தான். சரியாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் தின்னவில்லை.

இவர் என் முழங்கையை இடித்தார். "பாத்தியா? பிள்ளைக்கு விருப்பமில்ல. எறங்க மாட்டேங்கு."

இத்தனை நாள் அவள் விருப்பம் என்று நினைத்தது என்னுடைய விருப்பம்தானோ என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் பெற்ற பிள்ளைதான், ஆனால் அந்தக் கரும்பலகையைப் போலத்தான் அவளும் எனக்கு அன்றைக்கு.

மூன்றாவதாக, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு வேகவைத்த கோழி வந்தது. பரிமாறியவர் சமையல்காரரே. அறுபது வயது இருக்கும், கறுப்பு மேனி, வெள்ளைக் கோட்டு, கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. தட்டை வைத்துவிட்டு நல்ல தமிழில், "தாராளமா சாப்பிடுங்க ஐயா, நம்ம வீடுதான் இது" என்றார்.

இவர் கையில் இருந்த கோழிக்கால் பாதி வழியில் நின்றது.

"இவர் என் அண்ணன் அந்துவான்" என்றார் இருதயமேரி. "பிரெஞ்சுக் கப்பல்ல முப்பது வருஷம் சமையல் பண்ணாரு. இந்த ஓட்டல் அவரோடதுதான். மாடியிலதான் நாங்க தங்கியிருக்கோம். சிஸ்டர் சொல்லலையா?"

சிஸ்டர் சொல்லவில்லை. சிஸ்டருக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்கும். அவர் பதினைந்து வயதில் மடத்தில் சேர்ந்தவர், சம்பந்தம் பேசி யார் வீட்டுச் சோற்றையும் தின்றதில்லை.

ஆக, பொது இடம் என்று நம்பி வந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். இவருக்கு வேர்த்தது. கோழிக்காலைத் தட்டில் வைப்பதா, வாயில் வைப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "வீடுதான். முழு வீடுதான். ஆனா சோறு இன்னும் வரல. வரட்டும், வயிறு சரியில்லன்னு சொல்லிருதேன்" என்றார். சொல்லிவிட்டுக் கோழியைக் கடித்தார். பயந்துபோனால் சில பேருக்குச் சாப்பாடு இறங்காது. இவர் அதற்கு நேர் எதிர்.

கோழித் தட்டை எடுத்துவிட்டு ஒரு பாத்திரம் நிறையப் பச்சைக் கீரை கொண்டுவந்து வைத்தார்கள். வேகவைக்காத கீரை, எண்ணெயும் ஏதோ புளிப்பும் விட்டுப் பிசறியிருந்தது. அதைப் பார்த்ததும் இவருக்கு உயிர் வந்தது.

"கீரை வந்துட்டு. கீரையைச் சும்மாவா திம்பாங்க? அடுத்தது சோறுதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வயிற்றில் கை வைத்து முகத்தைக் கொஞ்சம் சுளித்துப் பழகிக்கொண்டார்.

வந்தது சோறு இல்லை. ஒரு பலகையில் சீஸ் துண்டுகள். அதில் ஒன்று கெட்டுப்போன வாடை அடித்தது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு சின்னக் கிண்ணத்தில் முட்டையும் பாலும் சீனியும் போட்டுச் செய்த இனிப்பு. சீனிப் பாகு மேலே வழிந்தது. அதையும் தின்றார். அப்புறம் சின்னக் கோப்பையில் கறுப்புக் காப்பி வந்தது. மேஜையைத் துடைத்துத் துணுக்குகளை எடுத்தார்கள். இவர் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருதயமேரி கைப்பையைத் திறந்து ஒரு மெல்லிய தங்கச் சங்கிலியை எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. எங்க பக்கமும் அதே வழக்கம்தான். எங்க வீட்டுல வயிறாரச் சாப்பிட்டுட்டீங்க. இனி வார்த்தை எதுக்கு? இதைப் பொண்ணு கழுத்துல போட்டுடறேன்."

"இருங்கம்மா" என்றார் இவர். "இன்னும் சோறே வரலியே."

சேசுராஜ்தான் மெதுவாகச் சொன்னான். "சோறு கிடையாது மாமா. பிரெஞ்சுச் சாப்பாடு இவ்வளவுதான். முடிஞ்சுடுச்சு."

"முடிஞ்சிட்டா?"

"காப்பி வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

இவர் என்னைப் பார்த்தார். "அப்ப நாம இவ்வளவு நேரம் தின்னது என்னதுளா?"

எனக்கு மட்டும் என்ன தெரியும். ஏழு தட்டு தின்றிருக்கிறோம். வயிறு முட்டியிருக்கிறது. ஆனால் சாப்பிட்டோமா என்று கேட்டால் சாப்பிட்ட மாதிரியும் இல்லை.

இருதயமேரியின் முகம் சிவந்துவிட்டது. "எங்களைக் கேலி பண்றீங்களா அண்ணே? அண்ணன் நேத்துலேர்ந்து அடுப்புக்கிட்ட நிக்கிறாரு. அத்தனையும் சாப்பிட்டுட்டு, சாப்பிடலைன்னா என்ன அர்த்தம்? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க."

"வேண்டாம்னு சொல்லலம்மா. வேணும்னும் சொல்லல. சோறு எறங்கல. அது எறங்காத வரைக்கும் ஒண்ணும் ஆகலன்னுதான் சொல்லுதேன்."

வெயிலுமுத்து அண்ணனின் நாலு வாய்க்குக் கல்யாணம் செய்து வைத்த மனிதர் பேசுகிற பேச்சு. எனக்கு மானம் போனது. மேஜைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் முறை பேசவில்லை. பயந்து நடுங்குகிறார். சரி என்று சொன்னால் பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். முடியாது என்றால் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்த பாவம். இரண்டையும் சொல்ல வாய் வராமல் சோற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் இதை நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

அந்துவான் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எனாமல் தட்டு. அதில் ஆவி பறக்கச் சோறு, பக்கத்தில் சிவப்பாக மீன் குழம்பு. தட்டை இவர் முன்னால் வைத்தார்.

"ஐயா, இது எனக்கும் உள்ள பாத்திரம் கழுவுறவருக்கும் வடிச்ச சோறு. கடைச் சாப்பாடு இல்ல. தின்னீங்கன்னா என் தங்கச்சி மவனுக்கு உங்க பொண்ணு. தின்னலைன்னா இன்னிக்கு ஒண்ணும் நடக்கலை. கைகுடுத்துட்டுப் போயிட்டு வாங்க. யாரும் யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டோம்."

இவ்வளவு நேரம் வரவில்லை வரவில்லை என்றிருந்த சோறு வந்துவிட்டது. வயிறு சரியில்லை என்று சொல்லப் பழகிவைத்த முகம் எங்கே போனதோ. ஒர்க்‌ஷாப்பில் இரும்பைப் பிடித்துக் காய்த்துப்போன கை, மடியிலிருந்து மேலே வரவில்லை. ஒரு நிமிஷம் சோற்றைப் பார்த்தார். லூர்து மேரியைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் தட்டை நகர்த்தி அவள் முன்னால் வைத்தார்.

எந்தப் பேச்சிலும் எந்த வீட்டிலும் இப்படி யாரும் செய்ததில்லை. பெரியவர்கள் சாப்பிடுவதுதான் சம்மதம். பெண்ணுக்கு முன்னால் யாரும் தட்டைத் தள்ளியதில்லை.

"எனக்காப்பா?" என்றாள் அவள்.

"ஒனக்குத்தான்."

"நான் தின்னா அதான் அர்த்தமா?"

"அதான் அர்த்தம்."

"ஒங்களுக்குச் சம்மதமா?"

"எனக்குத் தெரியல பிள்ள. எவ்வளவு யோசிச்சும் தெரியல. அதான் ஒங்கிட்ட தள்ளுதேன்."

அவள் சேசுராஜைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முள் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். தம்ளரில் இருந்த தண்ணீரைச் சாய்த்து ரொட்டித் தட்டிலேயே விரல்களைக் கழுவினாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். குழம்பை விட்டுப் பிசைந்து முதல் வாய் வைத்தாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. நான் சண்டை போட்டு, முகம் தூக்கி, அழுது கேட்டது எல்லாம் இதைத்தான். இருதயமேரி 'ஆண்டவரே' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டாவது வாய், மூன்றாவது வாய் என்று அவள் தின்னத் தின்ன நான் எண்ணிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து பட்டினி கிடந்த பிள்ளை, பெரிய பெரிய உருண்டையாக உருட்டி வேகமாகத் தின்றாள். விருப்பமில்லாத பிள்ளை தின்கிற மாதிரியா அது? அப்பா என்ன சொல்லுவாரோ என்ற பயத்தில்தான் இத்தனை நேரம் அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இவள் போகப் போகிறாள். கேட்வேயில் பார்த்ததைப் போன்ற ஒரு கப்பலில் நிஜமாகவே ஏறிப் போகப் போகிறாள். நான் ஏன் இதற்கு ஆசைப்பட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னையறியாமல் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். சோற்று உருண்டை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இவர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

"விடுளா" என்றார். "பிள்ள பசியாறட்டும்."